கொல்லையில் சின்ன மீன்குளம்: செடியை வைத்தே தண்ணீரைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லையிலோ வாசல் ஓரத்திலோ 500 முதல் 3,000 லிட்டர் வரை பிடிக்கும் குளம் வைத்திருப்பவர்களுக்கும் வைக்கப் போகிறவர்களுக்குமான பக்கம் இது. சிமென்ட் தொட்டி, பாதி புதைத்த கிணற்று உறை, குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தது, எதுவானாலும் சரி. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துத் தண்ணீரையும் வெயிலையும் வைத்துத்தான் பதில்கள். மீன் வளர்த்து விற்கும் பண்ணைக்கு இவை பொருந்தாது.

செடி வைத்தால் தண்ணீர் எப்படிச் சுத்தமாகும்?

மீன் தின்றதில் உடம்பில் சேராத நைட்ரஜனைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் அழுகிய இலையும் அதையேதான் தருகின்றன. தொட்டிச் சுவரிலும் கல்லிலும் செடித் தண்டிலும் வழவழவென்று ஒரு படலம் இருக்கிறதே, அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் பச்சைத் தண்ணீருக்கு அதுதான் உரம். செடிகள் அம்மோனியாவையும் எடுக்கும், நைட்ரேட்டையும் எடுக்கும்.

நம் பக்கத்து வெயிலுக்கு இது கூடுதல் முக்கியம். தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் மீனைத் தாக்குவதில்லை, ஒரு பங்குதான் தாக்கும். அந்தப் பங்கு சூட்டோடும், தண்ணீரின் புளிப்பு-காரத்தைக் காட்டும் பி.எச். அளவோடும் ஏறும். 30 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 என்றால் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 8 என்றால் ஏழெட்டு சதவீதம். 9 என்றால் கிட்டத்தட்டப் பாதி. பச்சையாகிப்போன தண்ணீரில் சித்திரை மாத மத்தியானம் பி.எச். 9-ஐத் தாண்டுவது உண்டு. காலையில் துள்ளிக்கொண்டிருந்த மீன் மூன்று மணிக்கு மிதந்தால், யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

அப்படியானால் செடி வைத்ததோடு வேலை முடிந்ததா?

அங்கேதான் வேலை ஆரம்பம். செடி நைட்ரஜனைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த இலை பழுத்து அதே தண்ணீரில் அழுகினால் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். நீங்கள் கிள்ளி வெளியே போட்டால்தான் அது குளத்தை விட்டுப் போகும்.

ஒரு தோராயக் கணக்கு பாருங்கள். கடைத் தீனியில் 32 சதவீதம் புரதம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், 100 கிராம் தீனியில் சுமார் 5 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. ஈரமான நீர்ப்பாசியில் (வேலம்பாசி போன்ற மூழ்கிய செடி) பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். ஒரு கிலோ பிழிந்த பாசியில் இரண்டு மூன்று கிராம் நைட்ரஜன் இருந்தாலே அதிகம். ஆக 100 கிராம் தீனி உள்ளே போனால், இரண்டு இரண்டரை கிலோ ஈரப்பாசி வெளியே வர வேண்டும். கொஞ்சம் மீனின் உடம்பில் சேரும், கொஞ்சம் காற்றில் போகும் என்பதால் அத்தனையையும் நீங்களே அள்ள வேண்டியதில்லை. ஆனாலும் ‘செடி நன்றாக வளர்கிறது, ஏன் பிடுங்க வேண்டும்?’ என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். வாரம் ஒருமுறை மேல்சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், அரை மணி நேர வேலை.

மோட்டார், ஃபில்டர் எதுவும் வேண்டாமா?

மீன் கம்மியாக இருந்தால் வேண்டாம். மீன் ஆசை அதிகம் என்றால் ஒரு சின்னத் தண்ணீர் மோட்டார் போட்டு, பக்கத்தில் வைத்த பழைய பேசினில் ஜல்லியை நிரப்பி, அதில் கல்வாழையோ சேம்போ நட்டு, தண்ணீரை அதன் வழியாக விட்டு மறுபடி குளத்தில் விழ வையுங்கள். வேர் ஜல்லிக்குள் இறங்கிவிட்டால் கடை ஃபில்டர் செய்யும் வேலையை அதுவே செய்யும். ஸ்பாஞ்சு கழுவும் தொல்லையும் இல்லை. மோட்டாரைப் பகலில் நிறுத்தினாலும் ராத்திரியில் ஓட விடுங்கள். காரணம் கீழே வருகிறது.

எத்தனை மீன் விடலாம்?

முதலில் குளம் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் என்றால் சுமார் 1,350 லிட்டர். நாலடி விட்டமுள்ள உறையில் இரண்டடி தண்ணீர் நின்றால் சுமார் 700 லிட்டர்.

செடியை மட்டும் நம்பும் குளத்தில் 1,000 லிட்டருக்கு நடுத்தரத் தங்கமீன் பத்துப் பன்னிரண்டு போதும். கப்பி, மோலி என்றால் ஒரு கைப்பிடி விட்டால் போதும், மற்றதை அவையே பார்த்துக்கொள்ளும். கோய் வேண்டாம். கடையில் விரல் நீளத்தில் அழகாகத்தான் இருக்கும். அது முழங்கை நீளம் வளரும் மீன், அடிமண்ணைக் கிளறிச் செடியை வேரோடு சாய்க்கும்.

எந்தெந்தச் செடி?

மூன்று வகை வேண்டும்: தண்ணீருக்குள் மூழ்கியே இருப்பது, மேலே இலை விரிப்பது, ஓரத்தில் கால் நனைத்து நிற்பது. மூன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதைப் பூச்சி அடித்தால் குளமே விழுந்துவிடும்.

மூழ்கியிருப்பதில் முதல் இடம் வேலம்பாசிக்கு. ஹைட்ரில்லா என்று மீன் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். ஒரு கணுவைச் சுற்றி நாலைந்து குட்டி இலைகள் வட்டமாக நிற்கும், விரலால் நீவினால் சொரசொரக்கும். நம் மண்ணுக்கே உரியது, எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். நல்ல வெயில் அடிக்கும் மத்தியானம் குனிந்து அதன் நுனியைப் பாருங்கள். ஒடிந்த தண்டின் வாயிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரம்போல மேலே போகும், அத்தனையும் ஆக்சிஜன். அப்படிக் குமிழ் வந்தால் செடி நன்றாகவே வேலை செய்கிறது. நாடா போல நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியாவும் நல்லது. அது மண்ணில் வேர்விட்டு ஓடிப் பரவும்.

இலை விரிப்பதில் அல்லியைவிட நல்லது இந்த அளவுக் குளத்துக்கு இல்லை. வெள்ளை அல்லியும் செவ்வல்லியும் பொழுது சாய்ந்த பிறகு மலர்ந்து மறுநாள் முற்பகலில் கூம்பும். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்குத் தோதான பூ. நீல அல்லி பகலில் மலரும். இரண்டையும் வைத்தால் எந்நேரமும் ஒரு பூ இருக்கும். பூவைவிட முக்கியம் இலையின் நிழல். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மூடினால் சூடும் அடங்கும், பச்சையும் பிடிக்காது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூட விடாதீர்கள், காற்றுப் படவும் இடம் வேண்டும்.

ஓரத்தில் நிற்பதற்கு உங்கள் ஊர் வரப்பிலேயே செடி இருக்கிறது. வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, வள்ளைக்கீரை எல்லாம் ஈரத்தில் கிடப்பவைதாம். இவற்றில் வள்ளைக்கீரைதான் அசுரப் பசிக்காரி. தண்டை ஒடித்து ஓரத்தில் செருகினால் போதும், தண்ணீர்மேல் ஓடி வெள்ளை வேரைத் தொங்கவிடும். கிள்ளக் கிள்ளத் தழைக்கும், கிள்ளியது சமையலுக்கும் ஆகும். நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள், மீனுக்கு மருந்து ஏதும் போட்டிருந்தால் தொடாதீர்கள். சம்பு வேண்டாம். வாய்க்காலோரத்தில் பார்க்க நன்றாக இருக்கும், சின்னக் குளத்தில் வேர் ஓடித் தார்ப்பாயையே துளைத்துவிடும்.

அல்லியை எப்படி நடுவது?

அகலமான, ஆழம் குறைந்த பேசின் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை இல்லாதது. குளத்து வண்டலோ வயல் களிமண்ணோ முக்கால்வாசி நிரப்புங்கள். தேங்காய் நார்க்கழிவு மிதந்து வந்துவிடும், தொழுவுரம் கரைந்து தண்ணீரைப் பச்சையாக்கும், இரண்டும் கூடாது. கிழங்கைச் சாய்வாக வைத்து, தளிர் வரும் முனை மட்டும் மண்ணுக்கு மேலே தெரியும்படி அமுக்கி, மேலே ஒரு விரற்கடை ஆற்று மணலோ கூழாங்கல்லோ பரப்புங்கள். இது இல்லாவிட்டால் தங்கமீன் மண்ணை நோண்டிக் கலக்கிக்கொண்டே இருக்கும்.

நேராகக் குளத்தின் அடியில் இறக்கிவிடாதீர்கள். கீழே செங்கல் அடுக்கி, தளிருக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் மட்டும் நிற்கும்படி வையுங்கள். இலை மேலே வந்து விரிந்ததும் ஒரு செங்கல்லை உருவுங்கள். அடுத்த இலைக்கு அடுத்த செங்கல். இப்படி இறங்கிய அல்லி காம்பை நீட்டிக்கொண்டு தானாகப் பழகிவிடும். தினம் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மாமர நிழலில் வைத்துவிட்டுப் பூ வரவில்லை என்று சொல்லாதீர்கள். பூ குறைந்தால் ஒரு ஸ்பூன் எலும்புத்தூளைக் காகிதத்தில் மடித்து வேர்ப்பக்கம் மண்ணுக்குள் விரலால் ஆழமாக அழுத்திவிடலாம்.

தாமரை வைக்க முடியாதா?

வைக்கலாம், தனிப் பேசினில். அதன் கொடி மண்ணுக்குள் ஓடி மற்றதையெல்லாம் நெருக்கும். முழு வெயில் கேட்கும். மீன் குளத்துக்கு அல்லி போதும் என்பது என் கட்சி.

வெங்காயத்தாமரை தண்ணீரை நன்றாகச் சுத்தம் செய்யும் என்கிறார்களே?

செய்யும், பொய்யில்லை. வேர் அடர்த்தியாகத் தொங்கும், சத்தை வேகமாக உறிஞ்சும். ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, இடமும் உரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். வெண்ணாறு, அரசலாறு பக்கத்து வாய்க்கால்களில் தண்ணீர் வரும் நேரத்தில் மதகில் அடைத்துக்கொண்டு நிற்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஒரு செடி மழைக்கு வழிந்து போனாலும் அது கீழ்மடைக்காரர் தலையில் விழும். வேலம்பாசியும் வள்ளைக்கீரையும் இருக்கும்போது இது எதற்கு?

அதைவிடச் சின்னதாக, மெத்தென்ற இலையை ரோஜாப்பூ போல விரித்து மிதக்கும் ஆகாயத்தாமரையும் வேண்டாம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு, கொசு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அசோலா?

தண்ணீர்மேல் மிதக்கும் இந்தக் குட்டிச் செடி மீனுக்குத் தீனியாக நல்லது, தங்கமீன் ஆசையாகத் தின்னும். மாடு, கோழி வளர்ப்பவர்களிடம் ஒரு கை கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வைக்காதீர்கள். அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும். நெல் வயலில் அதை உரமாக விடுவதே அதற்காகத்தான். உங்கள் குளத்து நைட்ரஜனை அது நம்பி இல்லை.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. முழுவதும் மாற்றிவிடலாமா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. மாற்றாதீர்கள். பச்சை என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. சத்தும் வெயிலும் மிஞ்சினால் வரும். தண்ணீரை மாற்றினால் ஒரு வாரம் கண்ணாடி போல இருக்கும், அப்புறம் முன்னைவிடப் பச்சையாகும். சுவரில் படிந்த நல்ல பாக்டீரியாவையும் தேய்த்துக் கழுவிவிட்டிருப்பீர்கள்.

தீனியைப் பாதியாகக் குறையுங்கள். போட்டது இரண்டு மூன்று நிமிடத்தில் தீர வேண்டும், மிஞ்சினால் வலையால் அள்ளுங்கள். வேலம்பாசியை நாலைந்து கத்தையாகக் கட்டி, அடியில் கூழாங்கல் கட்டிப் போடுங்கள். அல்லி இலை விரியும் வரை குளத்தின் பாதிக்குத் தென்னங்கீற்று ஒன்றைப் பந்தல்போலக் கட்டி நிழல் கொடுங்கள். கீற்று தண்ணீரில் படக்கூடாது. இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் பச்சை இறங்கும். புதுக் குளத்தில் முதல் மாதம் பச்சையாவது வழக்கம்தான், அதற்குப் பதறவே வேண்டாம்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் ஒரே நாளில் தெளியுமாமே?

பாசி சாகும். நத்தை சாகும். அளவு கொஞ்சம் தப்பினால் மீனும் சாகும். செத்த பாசி அழுகி ஆக்சிஜனைத் தின்பது அதற்கு மேல். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். வெளிநாட்டில் குளத்துப் பாசிக்குப் பார்லி வைக்கோல் போடுவதைப் பார்த்துவிட்டு நெல் வைக்கோலை அள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் சூட்டில் அது சீக்கிரம் அழுகி நாறும்.

நூல்நூலாகப் பாசி படர்கிறது. அதுவும் கெடுதலா?

கொஞ்சம் இருந்தால் கெடுதல் இல்லை, அதுவும் சத்தை எடுக்கத்தான் செய்கிறது. மிஞ்சினால் பழைய ஈர்க்குமாற்றை விட்டு ஒரே பக்கமாகச் சுற்றுங்கள், சடையாகத் திரண்டு வந்துவிடும்.

விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசியா?

மூச்சு முட்டுகிறது. செடி பகலில்தான் ஆக்சிஜன் விடும். இருட்டினால் அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் குளத்தில் ஆக்சிஜன் ஆகக் குறைவு. சூடான தண்ணீரில் அது கரைவதும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அடைமழை மூட்டத்தில் இரண்டு மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் இதே கதி.

உடனடியாக: வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அல்லது மோட்டாரைப் போடுங்கள். அன்றைக்குத் தீனி கிடையாது. பொழுது விடிந்ததும் மூழ்கிய செடியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். ஆக்சிஜனுக்காக வைத்த செடியை ஆக்சிஜனுக்காகவே எடுப்பது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் மூச்சு முட்டும் குளங்களில் பாதிக்கு மேல் செடி அளவு மீறிய குளங்கள்தாம்.

குளம் வைத்தால் கொசு வரும் என்று வீட்டில் அப்பாயி சத்தம் போடுகிறார். என்ன பதில் சொல்வது?

மீன் இருக்கும் குளத்தில் கொசுப்புழு தங்காது என்று சொல்லுங்கள். கப்பி நாலைந்து விட்டாலே போதும். வாய்க்காலில் தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மினுங்க, தண்ணீர் மட்டத்திலேயே திரியும் சின்ன மீன் இருக்கிறதே, அதுவும் கொசுப்புழுவுக்கு எமன். கம்பூசியா என்ற கொசுமீன் வேண்டாம், அது மற்ற மீனின் துடுப்பைக் கடிக்கும், முட்டையைத் தின்னும். டெங்கு கொசு மீன் இல்லாத சுத்தமான தண்ணீரைத் தேடும். பூத்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, மாடியில் கிடக்கும் டயர், இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அப்பாயி சொல்வதில் ஒரு நியாயமும் உண்டு. மான்சோனியா என்ற கொசுவின் புழு மற்றவை போல மூச்சுவிட மேலே வராது. ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை வேரில் குத்திக்கொண்டு அதிலிருந்தே காற்றை உறிஞ்சும். மீன் கண்ணில் படாது. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பும் கொசு அது. மிதக்கும் அந்தச் செடிகளை வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் இதுதான்.

கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வருகிறவர்கள் மருந்து ஊற்றப் போனால் மீனைக் காட்டுங்கள், விட்டுவிடுவார்கள்.

ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் வெயிலில் ஒரு நாள் வைத்தால் போய்விடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் விடாதீர்கள்.

போர் தண்ணீர் பல இடங்களில் இரும்புச்சத்தோடு வரும், வாளியில் பிடித்து வைத்தால் செம்மண் நிறத்தில் படியும். அதில் ஆக்சிஜனும் குறைவு. உயரத்திலிருந்து பூவாளி வழியாக விழ விட்டுச் சேருங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் போர் உப்பாக இருந்தால் அல்லி தேறாது. மோலியும் கப்பியும் உப்பைத் தாங்கும். அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்து வைப்பதுதான் வழி.

ஆற்றுத் தண்ணீர் செடிக்கு அமிர்தம், எப்போது எடுக்கிறோம் என்பதுதான் சங்கதி. மேட்டூர் அணை (வழக்கப்படி ஜூன் 12) திறந்து கல்லணை வழியாக நம் வாய்க்காலுக்கு வரும் முதல் தண்ணீர், வழியில் கிடந்த குப்பையையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அதை விட்டுவிட்டு, ஓட்டம் நிதானித்து நிறம் தெளிந்த பிறகு எடுங்கள். கலங்கலாக இருந்தால் ஒரு ராத்திரி பேசினில் தெளிய விட்டு மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். வயலிலிருந்து வடியும் தண்ணீரை எக்காலத்திலும் எடுக்க வேண்டாம். குறுவைக்கோ சம்பாவுக்கோ அடித்த களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அதில் இருக்கும். முதலாவது செடியைக் கொல்லும், இரண்டாவது மீனை.

புதிதாகச் சிமென்ட் தொட்டி கட்டியிருக்கிறோம். நேராக மீன் விடலாமா?

கூடாது. சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பி.எச். ஏறிவிடும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊற விட்டு, கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். பிறகு முதலில் செடி, அது புதுத் தளிர் விட்டபின் ஒன்றிரண்டு மீன், மூன்று நான்கு வாரம் கழித்து மிச்சம். கொத்தனாரிடம் கட்டும்போதே ஓரத்தில் ஒரு சாண் ஆழத்தில் படி ஒன்று வைக்கச் சொல்லுங்கள், ஓரச்செடி நிற்க இடம் வேண்டும். மழைக்கு வழிந்தோட ஒரு குழாயும் அதன் வாயில் வலையும் அவசியம்.

வாய்க்காலில் பிடுங்கிய செடியை அப்படியே போடலாமா?

அட்டை, நத்தை முட்டை, தும்பிப் புழு எல்லாம் கூடவே வரும். தும்பிப் புழு மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும். ஓடும் தண்ணீரில் அலசி, ஒன்றிரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே பாருங்கள். இலைக்கு அடியில் பசைபோல ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரிப் பொட்டுகள் நத்தை முட்டை, நகத்தால் சுரண்டிவிடலாம். அவசரம் என்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு சிட்டிகையை வாளித் தண்ணீரில் இளஞ்சிவப்பாகக் கரைத்து, பத்து நிமிடம் செடியை முக்கி எடுத்து அலசிப் போடலாம். குட்டி நத்தைகள் தப்பி வந்துவிட்டால் விடுங்கள், அழுகியதைத் தின்னும். பெரிய உருண்டை ஆப்பிள் நத்தை வந்தால்தான் இலையை மேய்ந்துவிடும்.

தங்கமீன் செடியையெல்லாம் தின்றுவிடுகிறதே?

தின்னும், அதன் குணம். வேலம்பாசியை இரண்டு இடத்தில் வளருங்கள்: குளத்தில் கொஞ்சம், மீன் இல்லாத பேசினில் கொஞ்சம். தின்றது தீரத் தீரப் பேசினிலிருந்து எடுத்துப் போடலாம். கடைத்தீனிச் செலவும் குறையும்.

வயலில் பிடித்த நாட்டு மீனை விடலாமா?

கெண்டைக் குஞ்சு விடலாம். விரால் குட்டியாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும், வளர்ந்தால் குளத்தில் அது ஒன்றுதான் மிஞ்சும். பனையேறி மழை ராத்திரியில் சுவரேறி வெளியே நடந்துவிடும், காலையில் முற்றத்தில் தேட வேண்டியிருக்கும். ஜிலேபிக் கெண்டை குளம் கொள்ளாமல் குஞ்சு பொரித்து, குழி பறித்துச் செடியைச் சாய்க்கும். புல்கெண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது.

கொக்கும் மீன்கொத்தியும் மீனைத் தூக்குகின்றன. பாம்பும் வருகிறது.

இலை மூடியிருந்தால் மீன் ஒளிந்துகொள்ளும். மடையான் ஓரத்தில் நின்றுதான் கொத்தும். ஓரச்செடி அடர்த்தியாக இருந்தால் நிற்க இடம் கிடைக்காமல் போய்விடும். மேலே நைலான் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் மீன்கொத்தி பாயத் தயங்கும். தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் இல்லை, தவளைக்காக வரும், போய்விடும். ஆனால் குளத்தோரம் செங்கல், தென்னை மட்டை குவித்து வைக்காதீர்கள், அதில் விஷமுள்ளது வந்து தங்கும். நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் கம்பிவலை மூடி இல்லாமல் குளமே வேண்டாம், ஒரு சாண் தண்ணீரும் ஆபத்துதான்.

கோடையிலும் மழைக்காலத்திலும் என்ன மாற்றம்?

சித்திரை, வைகாசியில் தண்ணீர் வேகமாக வற்றும். சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், உச்சி வெயிலில் சேர்க்க வேண்டாம். செடி வேகமாக வளரும் காலம் என்பதால் அறுப்பும் அதிகம். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் தீனியைக் குறைத்து, மழை வெறிக்கும் வரை பழுத்த இலையை மட்டும் எடுங்கள். மார்கழிப் பனியில் அல்லி கொஞ்சம் சுணங்கும், செத்துவிட்டது என்று கிழங்கைத் தோண்டாதீர்கள்.

அல்லி இலையில் அசுவினி. என்ன மருந்து அடிப்பது?

எதுவும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட. இலையைத் தண்ணீருக்குள் அமுக்கி ஆட்டுங்கள், உதிர்ந்ததை மீன் தின்றுவிடும். பக்கத்துக் கத்தரிக்கும் வெண்டைக்கும் பூச்சிமருந்து அடிப்பதானாலும் காற்று குளத்துப் பக்கம் வீசாத நாளாகப் பார்த்து, குளத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டு அடியுங்கள். பைரித்ராய்டு வகை மருந்து துளி பட்டாலே மீனுக்கு ஆகாது. வீட்டுக்குள் அடிக்கும் கொசு ஸ்ப்ரேயும் பெரும்பாலும் அந்த வகைதான்.

கிள்ளிய செடியை எங்கே போடுவது?

முதலில் குளத்தோரத்திலேயே அரை மணி நேரம் குவித்து வையுங்கள், உள்ளே சிக்கிய பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பிவிடும். கப்பிக் குஞ்சு இருக்கும் காலம் என்றால் வாளித் தண்ணீரில் அலசி, வாளியின் அடியைப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். பிறகு வாழை மூட்டில் மூடாக்காகப் போடலாம், கோழிக்கும் வாத்துக்கும் கொடுக்கலாம். அடியில் தேங்கிய கறுப்பு வண்டலை மொண்டு ஊற்றினால் தென்னைக்கு நல்ல உரம். வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ மட்டும் கொட்டாதீர்கள், கடையில் வாங்கிய செடியும் மீனும் அங்கே போகக் கூடாது.